திமிங்கிலப் படகுப் பெடியன்

பஸ் இன்னும் ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டை விட்டே கிளம்பவில்லை. அதற்குள் இறங்கி ஓடிவிடலாமா என்று மங்கையற்கரசிக்கு இரண்டு தரம் தோன்றிவிட்டது. முதல் தரம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியும் விட்டாள். ஆனால் பக்கத்து இருக்கையில் யோகமலர் மடியில் மீன் கட்லட் பெட்டியும் காலடியில் தேத்தண்ணிப் போத்தலுமாக வழியை அடைத்துக்கொண்டு இருந்தாள். அவளைத் தாண்டி இறங்குவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். யோகமலருக்குக் காரணம் சொல்லி மாளாது.

"என்ன மங்கையக்கா, ஒரே அந்தரப்படுறியள்? பாத்ரூம் போகவேணுமோ?"

"இல்லை யோகம். கால் கொஞ்சம் விறைக்குது."

இது முதியோர் சங்கத்தின் ஒக்டோபர்ச் சுற்றுலா. வருசா வருசம் நயாகராவுக்குப் போய், வருசா வருசம் அதே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு வருகிற சங்கம். இந்த வருசம் தலைவர் விநாயகமூர்த்திக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. "தண்ணி விழுறதைப் பாத்தது காணும். இந்த முறை திமிங்கிலம்" என்று வாட்ஸப்பில் அறிவித்தார். கியூபெக்கில் ததுசாக் என்றொரு ஊர்; அங்கே பெரிய ஆறு கடலாகிற இடத்தில், பனி இறங்கமுன் கடைசித் திமிங்கிலங்களைப் படகில் போய்ப் பார்த்துவிடலாம் என்று விளக்கமும் எழுதினார். எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். மங்கையற்கரசியும் போட்டாள். போட்ட பிறகுதான் ஊரின் பெயரை ஒழுங்காக வாசித்தாள்.

அந்த ஊரில்தான் அவளுடைய மகன் இருந்தான்.

சங்கத்துக்குத் தெரிந்த மகன் வேறு ஆள். சங்கத்தைப் பொறுத்தவரையில் வாகீசன் மொன்றியலில் டொக்டர்; பெரிய ஆஸ்பத்திரி, லீவே கொடுக்கமாட்டார்கள், தாயைப் பார்க்க வருவதற்குக்கூட நேரமில்லை, பாவம். உண்மையான வாகீசனோ ததுசாக்கில் ஒரு திமிங்கிலப் படகில் சனத்தை ஏற்றி இறக்குவான், கயிறு கட்டுவான், மைக்கில் விளக்கம் சொல்வான். படகு ஓடாத மாதங்களில் அங்கேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் திமிங்கில முதுகுகளின் படங்களைப் பார்த்து, எது எந்தத் திமிங்கிலம் என்று பிரித்து வைப்பான்.

பொய்யை அவள் தொடங்கவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பெடியன் யூனிவர்சிட்டியில் லைஃப் சயன்ஸ் படித்தான். எங்கடை ஆட்களிடம் லைஃப் சயன்ஸ் என்று வாயெடுத்தால் போதும், மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். "அப்ப டொக்டர்தானே!" என்று ஒரு கலியாண வீட்டில் ஆரோ கேட்டார்கள். மங்கையற்கரசி சிரித்தாள். மறுக்காமல் சிரித்த அந்தச் சிரிப்புத்தான் வினை. அடுத்த சாமத்தியவீட்டில் அது பேச்சாகியது, அதற்கடுத்த கோவில் திருவிழாவில் பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டது. புருசன் அருள்நாயகம் செத்தபிறகு தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் மாறி மாறி நின்று வளர்த்த பிள்ளை. அந்தப் பெயரைக் கேட்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. இனித்ததைத் துப்ப மனம் வரவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன் வாகீசன் ரூஜ் பகுதியிலுள்ள அவள் வீட்டுக்கு வந்து நின்றபோது அந்தக் கதை அவன் காதுக்கும் எட்டிவிட்டது. "நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ அம்மா, இல்லாட்டி நான் சொல்லுறன்" என்றான். அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ அங்கை மீனோடை நில், கடலுக்கை குதி, எனக்கென்ன. ஆரும் கேட்டால் என்ரை மகன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை" என்றாள். காலையில் புட்டைச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனவன்தான். பிறகு வீட்டுப்பக்கம் வரவில்லை. ஞாயிறு தோறும் போன் எடுப்பான். சாப்பிட்டியோ என்பாள், ஓம் என்பான். அவ்வளவுதான்.

இதற்குள் யோகமலர் வேறு. தமக்கையின் மகள் லக்சிகாவுக்கு மாப்பிள்ளை தேடுகிறாள். லக்சிகா பார்மசியில் வேலை. டொக்டரும் பார்மசியும் எப்படிப் பொருந்தும் என்று யோகமலர் கிங்ஸ்டன் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். குறிப்பும் பொருந்திவிட்டதாம். "மொன்றியலாலை பஸ் போகேக்கை பிள்ளையை ஒருக்கா றோட்டுக்கு வரச் சொல்லுங்கோவன். கண்ணாலை பாத்திட்டு விடுறன்" என்றாள்.

"அவனுக்கு ஒப்பரேசன்" என்றாள் மங்கையற்கரசி. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

பஸ் மொன்றியலைத் தாண்டும்வரை அவள் கண்ணை மூடித் தூங்குகிறவள் போலக் கிடந்தாள். உள்ளே ஒரு நிமிசம் நிம்மதியில்லை. இரண்டு நாளைக்கு முன்பு மகனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "தம்பி, சங்கத்தாலை சனிக்கிழமை உங்கடை ஊருக்கு வாறம். திமிங்கிலம் பாக்கவாம். எந்தப் படகெண்டு தெரியேல்லை. நீ அண்டைக்கு லீவு எடு. சரியோ? கட்டாயம் எடு." இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அவன் லீவு எடுத்திருந்தால் தப்பினாள். எடுக்காவிட்டால் இந்தப் பஸ் முழுவதும் அவன் முகத்தைப் பார்க்கும். அவள் வீட்டுச் சுவரில் தொங்கும் பட்டமளிப்புப் படத்தை யோகமலர் எத்தனை தரம் பார்த்திருப்பாள்!

இன்னொரு கேள்வியும் அவளைத் தின்றது. அவன் உண்மையிலேயே லீவு எடுத்திருந்தால், இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளையைப் பார்க்காமல் திரும்பவேண்டும். அவனைக் காணக்கூடாது என்றும் காணவேண்டும் என்றும் ஒரே மூச்சில் நேர்ந்துகொண்டிருந்தாள். எந்தத் தெய்வம் இதற்கு என்ன செய்யும்?

இரவு கியூபெக் நகரத்தில் தங்கி, மறுநாள் மத்தியானம் ததுசாக் துறையில் இறங்கினார்கள். குளிர் முகத்தைப் பிடுங்கியது. சேலைக்கு மேல் சுவெட்டர், சுவெட்டருக்கு மேல் ஜக்கெற், அதற்கு மேல் சால்வை என்று சங்கம் முழுக்க உருண்டு திரண்டு நின்றது. வயிறு காலியாகப் போகக்கூடாது என்று விநாயகமூர்த்தி துறையிலேயே ஆட்டிறைச்சி ரோல்ஸ் பகிர்ந்தார். தானும் நாலு விழுங்கினார். வாந்திக் குளிசை தரட்டோ என்று ஆரோ கேட்டதற்கு, "நான் வல்வெட்டித்துறையான். கடல் எனக்குப் புதுசோ?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

படகின் ஏறுபடியில் சிவப்பு ஜக்கெற் போட்ட ஒருவன் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ஏற்றினான். கம்பளித் தொப்பி புருவம் வரைக்கும், தாடி கழுத்து வரைக்கும். மங்கையற்கரசிக்கு நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. படியில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் யோகமலர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"வோச் யுவர் ஸ்ரெப், மேடம்" என்றான் வாகீசன்.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிடி மட்டும் தேவைக்குமேல் கொஞ்சம் இறுகியது. பிறகு விட்டுவிட்டு, "வோச் யுவர் ஸ்ரெப், மேடம்" என்று யோகமலருக்கும் அதையே சொன்னான். யோகமலர் அவன் முகத்தைப் பார்த்தாள், தாங்க்யூ சொன்னாள், போய் இருந்தாள். தாடி காப்பாற்றியது.

லீவு எடு என்று எவ்வளவு சொன்னேன்! மங்கையற்கரசிக்கு ஆத்திரமாக வந்தது. கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அந்தக் கன்னம் எவ்வளவு வற்றிப்போயிருக்கிறது என்று பார்த்ததும் ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கை குளிர்ந்து கிடந்தது, கையுறைகூடப் போடவில்லை, என்ன சாப்பிடுகிறானோ.

படகு புறப்பட்டது. தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அவன் மைக்கைப் பிடித்து முதலில் பிரெஞ்சில் சொன்னான், பிறகு ஆங்கிலத்தில். கரையோரமாக வெள்ளை வெளேரென்று பெலூகாத் திமிங்கிலங்கள் முதுகைக் காட்டி மறைந்தன. நுரையா மிருகமா என்று சங்கத்துக்குள் வாக்குவாதம் நடந்தது. மேலே பெரிய வெள்ளைப் பறவைகள் வட்டமிட்டு, சிறகை மடித்து, தலைகுப்புறத் தண்ணீருக்குள் விழுந்தன. அவை இன்னும் கொஞ்ச நாளில் தெற்கே போய்விடும் என்று வாகீசன் சொன்னான். மங்கையற்கரசி பறவையையும் பார்க்கவில்லை, பெலூகாவையும் பார்க்கவில்லை. இடமிருந்து வலம் போனாள், வலமிருந்து இடம் வந்தாள், இருந்தாள், எழும்பினாள். அவன் முன்பக்கம் வந்தால் இவள் பின்பக்கம் போனாள். பின்பக்கம் போனதும் அவன் தெரிகிறானா என்று எட்டிப் பார்த்தாள்.

"உந்தப் பெடியன் எங்கடை ஆள் மாதிரிக் கிடக்கு" என்றாள் யோகமலர்.

"சீ, ஹெயிட்டிக்காரன். அவங்கள்தான் பிரெஞ்சு உப்பிடிக் கதைப்பாங்கள்" என்றாள் மங்கையற்கரசி அவசரமாக.

சரியாக அந்த நேரம் விநாயகமூர்த்தியின் நாலு ரோல்ஸும் வெளியே வர ஆயத்தமாயின. அவர் வாயைப் பொத்திக்கொண்டு காற்றடிக்கிற பக்கத்துக் கம்பியை நோக்கி ஓடினார். அந்தப் பக்கம் வாந்தி எடுத்தால் எல்லாம் சங்கத்தின் முகத்தில்தான் திரும்பி விழும். வாகீசன் மைக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான்.

"அங்கிள், அங்காலை வேண்டாம்! இஞ்சாலை வாங்கோ, இஞ்சாலை!"

அவரைத் தோளோடு அணைத்து மறுபக்கம் கொண்டுபோய், குனிய வைத்து, முதுகைத் தடவிவிட்டான். அவருடைய தொப்பி தண்ணீரோடு போய்விட்டது. தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அந்த வழுக்கைத் தலையில் இழுத்துவிட்டான்.

சங்கம் முழுவதும் எழும்பியது. திமிங்கிலத்துக்குக்கூட அவர்கள் இப்படி எழும்பவில்லை.

"ஐயோ, தமிழ்ப் பிள்ளை!"

"தம்பி, எந்த ஊர்?"

"யாற்றை மகன்?"

தமிழர் இரண்டு பேர் நிலாவில் சந்தித்தாலும் இதைத்தான் கேட்பார்கள். ஊர், பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம், பிறகு தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் தமக்கை ஆரைக் கட்டினவ. கேட்கிறவருக்குத் தெரிந்த ஒரு பெயர் வரும்வரைக்கும் விடமாட்டார்கள். மங்கையற்கரசியே எத்தனை பிள்ளைகளை இப்படி நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பாள்! அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா கரவெட்டி" என்றான் வாகீசன்.

"கரவெட்டியிலை ஆர்? அப்பா என்ன பேர்?"

"அப்பா மோசம் போயிட்டார்."

"அடக் கடவுளே. அம்மா?"

அவன் கண் ஒருதரம் கூட்டத்துக்கு மேலால் வந்து தாயில் பட்டு, உடனே விலகியது. "அம்மா ரொறன்ரோவிலை."

"ரொறன்ரோவிலை எங்களுக்குத் தெரியாமல் ஆரப்பா? அம்மான்ரை பேரைச் சொல்லும்" என்று யோகமலர் முன்னால் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியாது அன்ரி. அவ பெரிசா வெளியிலை போறேல்லை."

பொய். இந்தப் பிள்ளை சின்ன வயதில் ஒரு பொய் சொல்லப் போய் அழுதுவிட்டிருக்கிறான். இப்போது முகம் சுளிக்காமல் சொன்னான். ஆருக்காகச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டதைத்தானே செய்கிறான்.

யோகமலர் திரும்பி வந்து கம்பியில் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினாள். காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய குரல் தாழவில்லை. "பேர் சொல்லுறான் இல்லைப் பாத்தியளே மங்கையக்கா? வீட்டாலை கலைச்சிருப்பினம். உப்பிடி ஒண்டைப் பெத்திட்டுத் தாய் எப்பிடி வெளியிலை சொல்லுவா? உங்களுக்குக் கடவுள் டொக்டரைக் குடுத்தார். அந்த மனிசி என்ன பாவம் செய்தாவோ."

வாகீசனுக்கும் கேட்டது. அவன் மைக்கைத் தேடுகிறவன் போல மறுபக்கம் திரும்பினான்.

அப்போது படகின் இடப்பக்கம், மிகக் கிட்ட, தண்ணீர் வெடித்தது. வீட்டுக் கூரையளவு உயரத்துக்கு ஒரு மூச்சு எழும்பிக் குளிர்காற்றில் கலைந்தது. அதன் பின்னால் கறுத்த முதுகு வந்தது, வந்தது, முடியாமல் வந்துகொண்டேயிருந்தது. யோகமலர் "முருகா!" என்றாள். வாகீசன் கமராவைத் தூக்கிக்கொண்டு படகின் முன்முனைக்கு ஓடினான். கம்பிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, வெறுந்தலையோடு, பறக்கிற மயிரோடு, எதிர்க்காற்றில் நின்று படமெடுத்தான். வலது காது நெருப்பாய்ச் சிவந்திருந்தது.

அந்தக் காதுக்குத்தான் பார்க்டேல் அப்பார்ட்மென்றில் இருந்த காலத்தில் பனிக்காலம் முழுக்க மருந்து விட்டவள் அவள். குளிர் பட்டால் சீழ் பிடிக்கும், இரவிரவாகக் கத்துவான். மங்கையற்கரசி ஒன்றையும் யோசிக்கவில்லை. யோசிக்க ஒரு நொடி கிடைத்திருந்தால் வாயை மூடியிருப்பாள்.

"வாகீ! தொப்பியைப் போடடா! காதடா!"

படகின் இயந்திரத்துக்கு மேலால் அது கேட்டது. சங்கம் முழுவதும் திமிங்கிலத்தை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. யோகமலரின் வாய் திறந்தபடி நின்றது.

"என்னக்கா... உங்களுக்குத் தெரிஞ்ச பெடியனோ?"

தப்ப இடம் இருந்தது. ஆரோ பெற்ற பிள்ளை, பாவம், குளிருது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வழியை முதலில் திறந்து கொடுத்தவன் வாகீசன்தான். கமராவை இறக்கி, இவளை நேரே பார்த்து, சனத்துக்குக் கேட்கக்கூடியதாக, மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

"பரவாயில்லை அன்ரி. எனக்குக் குளிரேல்லை."

அன்ரி.

அந்தச் சொல் அவளை எங்கோ ஆழத்தில் குத்தியது. தன் பிள்ளை தன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லுமளவுக்கு அவனைப் பழக்கியவள் தான்தான் என்பது அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவள் சால்வையைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு ஆடுகிற தளத்தில் நடந்தாள். ஆரோ பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள்.

"ஆரடா உனக்கு அன்ரி?" என்றாள். "உன்னைப் பெத்தவளடா நான். அன்ரியாம் அன்ரி!"

சால்வையை அவன் தலையில் போட்டு, இரண்டு காதையும் மூடி, நாடிக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் சின்னப்பிள்ளை மாதிரிக் குனிந்து கொடுத்தான்.

"அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்றான் மெதுவாக.

"பாக்கட்டும். உன்னை லீவு எடுக்கச் சொன்னனான் எல்லே?"

"எடுக்கத் தேவையில்லை அம்மா. சனிக்கிழமை எனக்கு எப்பவும் லீவுதான்." அவன் மூக்கை உறிஞ்சினான். "மற்றப் பெடியனோடை மாத்திக் கேட்டு வந்தனான். ரெண்டு வருசமாச்சு. பாத்திட்டுப் பேசாமல் இருப்பம் எண்டு..."

அவள் அவன் மார்பில் இரண்டு அடி அடித்தாள். ஜக்கெற் தடிப்பு, அவனுக்கு நொந்திராது. பிறகு அந்த ஜக்கெற்றிலேயே முகத்தை வைத்து எல்லாருக்கும் முன்னால் அழுதாள்.

யோகமலர் கிட்ட வந்தாள். ரொறன்ரோவை விட்ட பிறகு முதல் தரமாக அவளுக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. "அப்ப... மொன்றியல் ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரியும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை, யோகம். இவன் டொக்டர் இல்லை. திமிங்கிலம் பாக்கிறவன். முதுகைப் பாத்து இது இன்ன திமிங்கிலம் எண்டு சொல்லுவான். அதுதான் வேலை."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்" என்றாள் யோகமலர். முகம் கறுத்துவிட்டது. கட்லட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகின் உள்ளே போய் இருந்துவிட்டாள். லக்சிகாவின் கலியாணம் அதோடு சரி. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடலைப் பார்க்கிற மாதிரி நின்று குசுகுசுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும். மங்கையற்கரசிக்கு அது விளங்காமல் இல்லை. வெட்கம் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் மகனின் கையைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் விநாயகமூர்த்தி மறுபக்கக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். கடைசி ரோல்ஸும் போய் முடிந்தபின், கம்பளித் தொப்பி கண்ணை மறைக்க, தள்ளாடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. பூப்போட்ட சால்வையில் கிழவி மாதிரித் தலையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெடியனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி, நல்லா இருப்பீர். உயிரைக் காப்பாத்தினீர்" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு வழக்கம் தவறாமல் கேட்டார்: "அதுசரி, நீர் யாற்றை மகன்?"

சங்கம் குசுகுசுப்பதை நிறுத்தியது. வாகீசன் தாயைத் திரும்பிப் பார்த்து, அவள் முகத்தில் ஏதோ தேடினான். சொல்லட்டோ என்று கேட்கிற பார்வை.

மங்கையற்கரசி கண்ணைத் துடைத்தாள்.

"சொல்லு" என்றாள்.